மூன்றாம் மாடி வெளிச்சம்

"எம் மக மூஞ்சி என்ன பொணத்து மூஞ்சியா?"

அந்தக் குரல் 'இழையகம்' ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடி முழுவதற்கும் கேட்டது. பட்டுப் பிரிவில் புடவை விரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. ஸ்பீக்கரில் வீணை மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்து ஒலித்தது.

ஜெசிந்தா அப்போது மாடியின் மறுகோடியில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூரை அவள் செய்தது. மதுரை பைபாஸ் ரோட்டில் ஐந்து மாடி ஜவுளிக்கடை கட்டுவதென்று முதலாளி திருவேங்கடம் முடிவு செய்தபோது, கடையின் உள்வடிவமும் வெளிச்சமும் அவள் பொறுப்பில் வந்தன. மற்ற கடைகளைப் போலக் கல்யாண மண்டபத்துச் சரவிளக்கைத் தொங்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. கூரை நெடுகக் கடுகு கடுகாக விளக்குகளைப் பதித்தாள். ஒவ்வொன்றும் தானாகத் திரும்பும், தானாக நிறம் மாறும். கடைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் அவருக்கென்றே ஒரு வெளிச்சம் தலைக்கு மேல் கூடவே நடந்து வரும். வெயிலிலிருந்து உள்ளே வந்தவருக்குக் கண்ணுக்கு இதமான மங்கல். பார்வை மங்கியவருக்குக் கொஞ்சம் தூக்கல். மாம்பழ மஞ்சள் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிற பெண்ணுக்கு, அந்த மஞ்சள் அவள் தோலில் நன்றாக உட்காரும் ஒரு வெளிச்சம். இந்த ஏற்பாட்டுக்கு அவள் வைத்த பெயர் ஒளிக்குடை.

கடை திறந்து ஏழெட்டு மாதங்களில் ஒளிக்குடையைப் பற்றிக் கட்டடக்கலைப் பத்திரிகைகள் எழுதின. சூரத்திலும் துபாயிலும் கடைக்காரர்கள் அதை வாங்கி மாட்டினார்கள். பராமரிப்புப் பார்வைக்காகத்தான் அன்று அவள் வந்திருந்தாள். சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் போனாள்.

கத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். கட்டுமஸ்தான உடம்பு, கையில் சிவப்புக் கட்டைப் பை. பக்கத்தில் அவள் மகள் தலையைக் குனிந்து நின்றாள். தோளில் ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டு பாதி நழுவிக் கிடந்தது. ஃப்ளோர் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, தண்ணி சாப்பிடுறீங்களா? ஏசி ஒத்துக்கலையா?" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏசிக்கும் மூஞ்சிக்கும் என்னய்யா சம்பந்தம்? மூணு தடவ வந்துட்டோம். வந்து கால் மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் தல பிளக்குது. இவ கண்ணாடியப் பாத்துட்டு 'போலாம்மா, எனக்கு எதுவும் நல்லா இல்ல'ங்குறா. கீழ ரோட்டுக்குப் போனா தலவலி பொசுக்குன்னு போயிருது. என்னய்யா வெச்சிருக்கீங்க இங்க?"

"அம்மா, விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மகள்.

ஜெசிந்தா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி அவளே. தூக்கம் கெட்டு ஓடி வந்திருந்தும் முகம் பளிச்சென்று இருந்தது. இன்னொருத்திக்குக் கண்ணுக்குக் கீழே குழி, உதட்டில் ரத்தமில்லை, கறுத்த கன்னத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு பூச்சு. இருவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றியாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, ஜெசிந்தா அவள் நின்ற இடத்தில் போய் நின்றாள். வெளிச்சமும் இடம் மாறியது. பளிச்சென்ற முகம் ஜெசிந்தாவோடு வந்தது. பச்சைச் சாம்பல் அந்தப் பெண்ணோடு போனது. ஜெசிந்தா தன் கையைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "உன் கையையும் வை," என்றாள். இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று உயிருள்ள கை. மற்றது நோயாளியின் கை.

அந்தப் பெண் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "பாத்துட்டீங்கல்ல? போதும்," என்று புடவையை மேசைமேல் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

தாய் மட்டும் ஒரு நிமிடம் நின்று ஜெசிந்தாவை முறைத்துப் பார்த்தாள். "எம் பேரு முத்துராக்கு. கரிமேடு மீன் மார்க்கெட்ல கேட்டா சொல்லுவாக. இங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா வந்து சொல்லு," என்றாள்.

ஜெசிந்தாவின் அலுவலகம் சொக்கிகுளத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. ஒளிக்குடையின் மூளையான மென்பொருளை எழுதிய நஸ்ரின் அங்கேதான் இருந்தாள். கடையை ஒப்படைத்த அன்றே சாவியும் உரிமையும் திருவேங்கடத்திடம் போய்விட்டன. விளக்குகள் என்ன செய்கின்றன என்று நஸ்ரினால் பார்க்க முடியும், தொட முடியாது. அவள் அன்று முழுக்கத் திரையை விட்டு எழவில்லை. கடைசியில் நாற்காலியைத் திருப்பினாள்.

"அக்கா, நாம யாரும் இதச் சொல்லிக் குடுக்கல."

"எத?"

"ஒரு சதுர அடிக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விக்குதோ அதக் கூட்டுன்னு சொன்னோம். திருவேங்கடம் சார் கேட்டது அதான். அதக் கூட்ட ரெண்டு வழி இருக்குக்கா. வாங்குறவங்கள நிக்க வைக்கலாம். இல்லன்னா, வாங்காதவங்கள அனுப்பிட்டு அந்த எடத்த வாங்குறவங்களுக்குக் குடுக்கலாம். மொத வழி நாம குடுத்தது. ரெண்டாவத அதுவே கண்டுபிடிச்சிருக்கு."

ஜெசிந்தா எதிரே உட்கார்ந்தாள். "எப்படி அனுப்புது?"

"கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு. விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, ஆனா நமக்குத் தெரியாது, தலைக்குத்தான் தெரியும். முகத்துல கொஞ்சம் பச்சை. கண்ணாடிகிட்ட நின்னா கொஞ்சம் அதிகம். யாரையும் ஒண்ணும் சொல்லல பாருங்க. அவங்களாவே 'வா போலாம்'னு போயிருவாங்க."

"அந்தம்மா வாங்கத்தான வந்தாங்க? மக கல்யாணத்துக்கு."

"அது அதுக்கு எப்பவுமே தெரியாதுக்கா. கேமராவுல செருப்பப் பாக்குது. நடையப் பாக்குது. கையில கட்டப்பையா, தோல்பையான்னு பாக்குது. மொதல்ல புடவையப் பாக்குறாங்களா, வெலச்சீட்டப் பாக்குறாங்களான்னு பாக்குது. இவங்க வாங்க மாட்டாங்கன்னு முடிவு பண்ணி அனுப்பிருது. அனுப்பினதால அவங்க வாங்கல. வாங்காததால, நான் நெனச்சது சரிதான்னு இன்னும் கெட்டியா நம்புது."

"நிறம்?"

நஸ்ரின் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நிறத்தப் பாக்காதேன்னு நான்தான் என் கையால எழுதினேன். ஆனா மத்ததையெல்லாம் கூட்டிப் பாத்தா கடைசில அதே ஆளுகதான் வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?" அவள் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் காலையிலேயே ஜெசிந்தா திருவேங்கடத்தைப் பார்க்கப் போனாள். அவர் கொடுமைக்காரர் இல்லை. வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார நாற்காலி போட்டவர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேன் விட்டவர். அவள் சொன்னதையெல்லாம் காபி ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஜெசி மேடம், நானும் சைக்கிள்ல துணி மூட்ட கட்டி வித்தவன்தான். எனக்கு இது தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? ஆனா நான் எங்கயாச்சும் போர்டு மாட்டினேனா? கதவுல ஆள் நிறுத்தித் தடுத்தேனா?"

"கதவுல தடுத்திருந்தா அவங்க சண்டையாவது போட்டிருப்பாங்க சார்."

"சண்ட இல்லாம நடக்குதுல்ல? அதத்தான் சொல்றேன். கூட்டம் கொறஞ்சிருக்கு, வியாபாரம் ஏறியிருக்கு. வாங்குறவங்க நிம்மதியா வாங்குறாங்க. இத மனுஷன் யாரும் செய்யச் சொல்லல. மிஷினு தானா செய்யுது. நான் யாருக்கும் பாவம் பண்ணல." அவர் சிரித்தார். "உங்களுக்கு அந்த மீன்காரம்மா மேல இரக்கமா இருந்தா, கூட்டிட்டு வாங்க. அவங்க குடும்பத்துக்கு மட்டும் மகாராணி வெளிச்சம் போடச் சொல்றேன்."

ஜெசிந்தாவுக்குக் காது சூடானது. "நான் செஞ்ச வெளிச்சம் சார் அது. அதுல ஒருத்தருக்கு மட்டும் சலுக வாங்கிக் குடுக்க நான் வரல. அந்தப் பகுதிய எடுங்க."

"நீங்க செஞ்சீங்க. நான் வாங்கிட்டேன். கை வச்சீங்கன்னா கோர்ட்லதான் பாக்கணும்," என்றார் அவர், குரலை உயர்த்தாமலே.

அவளுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரும் கையை விரித்தார். தலைவலி வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கடைக்குள் என்ன வெளிச்சம் போட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஜெசிந்தா துபாய்க்காரர்களுக்கு எழுதினாள், சூரத்துக்கு எழுதினாள். பதில் சொன்னவர்கள் எல்லாரும் இந்த அம்சத்துக்குத் தனியாக ஏதாவது பெயர் உண்டா, விளம்பரத்தில் போடலாமா என்றுதான் கேட்டார்கள்.

வழியைக் கண்டுபிடித்தவள் நஸ்ரின். "அக்கா, யாராவது எழுந்து போனாத்தான் அது ஜெயிச்சதா எடுத்துக்குது. யாருமே போகலன்னா? இவ்வளவு செஞ்சும் எடம் காலியாகலன்னா? கொஞ்ச நாள்ல 'இது வேலைக்கு ஆகாது'ன்னு அதுவே விட்டுரும். அப்படித்தான் நான் எழுதியிருக்கேன். யாரும் அத மாத்த வேணாம். அதுவா மாறணும்."

"போகலன்னா என்ன ஆகும் அவங்களுக்கு?"

"மொதல்ல இன்னும் அதிகமா பண்ணும்," என்றாள் நஸ்ரின். "வலிக்கும்."

கரிமேடு மார்க்கெட்டில் முத்துராக்கைக் கண்டுபிடிக்க ஜெசிந்தாவுக்குச் சிரமம் இருக்கவில்லை. அரிவாள்மனைக்கு முன் உட்கார்ந்து ஒரு பெரிய கட்லாவை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா குந்தி உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். முத்துராக்கின் கை நின்றது.

"அப்ப அது எம் மக மூஞ்சி இல்ல?"

"இல்லக்கா."

முத்துராக்கு கையைக் கழுவக்கூட இல்லை. சேலையில் துடைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். "ஏத்தா பிரதீபா, நீ நல்லாத்தான் இருக்க. அந்தக் கடக்காரன் வெளக்குலதான் வெனை இருக்காம்." மறுமுனையில் மகள் என்னவோ சொன்னாள். முத்துராக்கின் முகம் சுருங்கிப்போனது. போனை வைத்துவிட்டுச் சொன்னாள். "சும்மா எனக்காகச் சொல்லாதம்மாங்குறா. நர்சு வேலைக்குப் படிச்சு வேலைக்கும் போறா. தெகிரியமான புள்ள. இந்த ஒரு மாசமா போட்டோன்னா ஓடுறா. மாப்ள வீட்ல வீடியோவுல கூப்பிட்டா போனைக் கூரையப் பாக்கத் திருப்பி வெக்கிறா. கல்யாணத்துக்குப் பட்டே வேணாமாம். எதக் கட்டுனாலும் எனக்கு அப்படித்தான இருக்கும்னு கேக்குறா."

முத்துராக்கு அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"அந்த வெளக்க மாட்டுனது யாரு?"

"நான்தான்க்கா."

பக்கத்துக் கடைக்காரிகள் கையிலிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துராக்கு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து ஜெசிந்தா தலை குனிந்தாள்.

"நான் எத்தன பேரக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டாள் முத்துராக்கு. "ஆனா நீயும் வந்து எங்ககூட ஒக்காரணும். மேல நின்னு வேடிக்க பாக்கக் கூடாது."

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் அது. மீன் வியாபாரம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கரிமேட்டுப் பெண்கள் குளித்துத் தலை சீவி, மூன்றாம் மாடிக்கு வந்து பட்டுப் பிரிவின் மெத்தை வைத்த முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு வாழைக்காய் மண்டியில் லோடு இறக்குகிறவர்கள் சிலர் தங்கள் மனைவிமாரோடு வந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. புடவை பார்க்க வந்தவர்கள் புடவை பார்த்தார்கள்.

"அடுத்தத விரி தாயி," என்பாள் முத்துராக்கு. "அந்த மயில் கழுத்து நெறத்துல சின்னக் கரையா இருக்கா?"

கால் மணி நேரம் ஆகும். ஒருத்தி நெற்றியைப் பிடிப்பாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொள்வாள். சித்ரா என்கிற வயதான நண்டு வியாபாரிக்கு வாந்தி வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி அதே முக்காலியில் உட்கார்ந்தாள். "எந்திரிச்சுப் போனா அவுக ஜெயிச்ச மாதிரியாம். போறதா இருந்தா கட மூடுறப்பத்தான் போவேன்," என்று தலையை முத்துராக்கின் மடியில் சாய்த்துக்கொண்டாள். புடவை விரிக்கும் பெண்கள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் கழுத்து அட்டையில் பொத்தான் அளவு சில்லு ஒன்று இருந்ததால் வெளிச்சம் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர்களில் ஒருத்தி, மேனேஜர் பார்க்காதபோது, சோடாவும் எலுமிச்சையும் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள்.

ஜெசிந்தா தினமும் அவர்களோடு உட்கார்ந்தாள். முதல் நாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னைச் சுற்றி எல்லாரும் துவண்டு கிடக்க, தன்மேல் மட்டும் பதமான மஞ்சள் வெளிச்சம் விழுவதைப் பார்க்க அவளுக்குக் கூசியது. இரண்டாம் நாள் மாலை கண்ணுக்குப் பின்னால் ஏதோ குத்தியது. வெயில் என்று நினைத்தாள். கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெண் அவளைத் திரும்பிப் பார்த்தாள். உதடு வெளுத்து, கழுத்துச் சுருக்கங்கள் எல்லாம் எழும்பி, பல நாள் நோயில் கிடந்தவள் போல.

யாரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் அது பார்க்கிறது. அவளுக்கு அது தெரியும். விளக்கின் நிறம், துடிப்பின் வேகம், கோணம் எல்லாம் தெரியும். இருந்தும் அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் எழுந்தது, வீட்டுக்குப் போய்விடலாம், இந்த முகத்தோடு இங்கே உட்கார வேண்டாம் என்பதுதான். அந்தப் பெண் பிரதீபா எதற்காகப் படியிறங்கி ஓடினாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ன, ஒனக்கும் வந்துருச்சா?" என்றாள் முத்துராக்கு.

"வந்துருச்சுக்கா."

"நல்லா வரட்டும். ஒக்காரு," என்று முத்துராக்கு அவள் நெற்றியில் ஈரத் துணியை வைத்து அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இடமில்லாமல் நகைபோட்ட குடும்பங்கள் சில திரும்பிப் போயின. திருவேங்கடம் போலீசைக் கூப்பிட்டார். பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு காவலர்களோடு வந்தார்.

"என்னம்மா பிரச்சன?"

"ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். பொடவ பாக்குறோம்," என்றாள் முத்துராக்கு.

"தினமும் வர்றீங்களாமே. எதுவும் வாங்கலையாமே."

"ஒரு பொடவைக்கு ஒம்பது கட ஏறி இறங்குறவுக இருக்காக. நாங்க ஒரே கடையில ஒம்பது நாள் ஏறி இறங்குறோம். குத்தமா?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஏதோ கேட்டார். ஜெசிந்தாவிடம் பேசினார். பேசப் பேசக் கையால் கழுத்தின் பின்புறத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கண்ணாடி பக்கம் திரும்பியவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இது என்ன?" என்று தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"காக்கிச் சட்ட போட்டவங்க பட்டு வாங்குறதில்லன்னு அது முடிவு பண்ணியிருக்கு மேடம்," என்றாள் ஜெசிந்தா. "உங்களையும் அனுப்பப் பாக்குது."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினார். "வாடிக்கையாளருங்க துணி பாத்துட்டு இருக்காங்க. இதுல நான் என்ன கேஸ் போடணும்? உங்க மொதலாளியப் புகார எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. அப்படியே இந்த வெளக்கப் பத்தியும் எழுதச் சொல்லுங்க." காவலர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். திருவேங்கடம் புகார் எழுதவில்லை.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள், ஒரு சேலையின் கரை அகலமா இல்லையா என்று முத்துராக்குக்கும் சித்ராவுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. யாரும் நெற்றியைப் பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். சித்ராவின் கறுத்த கன்னமும் முத்துராக்கின் மூக்குத்தியும் பளபளத்தன.

நஸ்ரினின் அழைப்பு வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரல். "அக்கா, விட்டுருச்சு! அவங்க விஷயத்துல அது கைய விட்டுருச்சு. இங்க அது கத்துக்குற பாடம்தான் எல்லா ஊருக் கடைக்கும் போகும். சூரத்லயும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள மாறிரும்."

முத்துராக்கிடம் சொன்னபோது அவள் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. "சரி, நாளைக்குப் பிரதீபாவ இழுத்துட்டு வர்றேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் நஸ்ரின் இன்னும் போனை வைக்கவில்லை. "ஒண்ணு இருக்குக்கா. கூட்டம் அப்படியேதான் இருக்கு. அதுக்கு இன்னும் எடம் வேணும். இனிமே வேற யாரையாவது தேடும்."

யாரைத் தேடியது என்பது மறுநாள் தெரிந்தது. கடையில் எவரையும்விட அதிக நேரம் நின்று, எல்லாப் பிரிவிலும் நடந்து, எல்லாத் துணியையும் தொட்டுப் பார்த்து, திறந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட பில் போட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தார். செருப்பையும் நடையையும் பார்த்து அதுவரை வெளிச்சம் அவரை விட்டுவைத்திருந்தது. சொந்தக் கடையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நடக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

திருவேங்கடம் இரண்டு கைகளாலும் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தார். ஜெசிந்தா, முத்துராக்கு, கூடவே பட்டும் படாமலும் நின்ற பிரதீபா மூவரும் அங்கே இருந்தார்கள். கண்ணாடியில் அவர்கள் மூவருக்கும் பக்கத்தில் ஒரு கிழவர் தெரிந்தார். முகம் பச்சையாக வெளிறியிருந்தது. அவர் ஒரு அடி நகர்ந்தார். கண்ணாடிக் கிழவரும் அதே பச்சையோடு நகர்ந்தார்.

"மேடம்," என்றார். குரலில் பழைய அமைதி இல்லை. "எனக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டுக் குடுங்க. அந்த சில்லு, அட்டை, அதெல்லாம் நான் மாட்டிட்டுத் திரிய முடியாது. என் மூஞ்சிய அதுக்கு அடையாளம் காட்டி விடுங்க போதும்."

"மாட்டேன் சார்."

"எவ்வளவு..."

"கேக்காதீங்க. நானும் நஸ்ரினும் விலக்குன்னு ஒரு வரி எழுத மாட்டோம். உங்களுக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது. இன்னைக்கு நீங்க. நாளைக்கு உங்க சம்சாரம் சும்மா பாக்க வந்தா அவங்க. அது நிக்காது. சாவி உங்ககிட்டதான் இருக்கு. மொத்தமா அணைங்க."

"ஆடி மாசத்துல கடைய இருட்டாக்கச் சொல்றீங்களா?"

"ஆபத்துக்குன்னு சாதா விளக்கு மாட்டியிருக்கேன். அது போதும், துணி தெரியும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வலி வந்து கண்ணை மூட வைத்தது. சுவரோரமாக நடந்து, பூட்டியிருந்த சிறு கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டார்.

வீணை இசைக்கு நடுவே கூரை முழுவதும் அணைந்தது. ஒரு நொடி இருட்டு. பிறகு வெள்ளை விளக்குகள் மினுக்கி மினுக்கி எரியத் தொடங்கின. பள்ளிக்கூடத்து விளக்கு போல மொட்டையான வெளிச்சம். அதில் பட்டின் பளபளப்பு பாதியாகக் குறைந்தது. நகைபோட்ட பெண்களின் முகத்தில் பருவும் தழும்பும் தெரிந்தன. மேனேஜருக்குத் தலையில் நரை இருந்ததை எல்லாரும் அப்போதுதான் கவனித்தார்கள். ஜெசிந்தாவுக்குத் தன் ஆறு வருட உழைப்பு தலைக்கு மேலே செத்துக் கிடப்பது போல் இருந்தது. வருத்தம்தான். ஆனாலும் அதை மறுபடி எரியவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பிரதீபா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முதலில் பக்கவாட்டில் பார்த்தாள். அப்புறம் நேராகப் பார்த்தாள். கறுத்த, வட்டமான, ராத்திரி டூட்டியால் கண் கொஞ்சம் வீங்கிய முகம். கன்னத்தை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டினாள். முத்துராக்கு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விரிங்கக்கா," என்றாள் பிரதீபா, புடவைக்காரப் பெண்ணிடம். "எல்லாத்தையும் விரிங்க."

அன்று மத்தியானம் முழுக்க அவள் பார்த்தாள். அரக்கு, பச்சை, மயில் கழுத்து, கத்தரிப்பூ. ஒவ்வொன்றையும் தோளில் போட்டாள், நடந்தாள், திரும்பினாள், கரையை மடித்துப் பார்த்தாள், தாயிடம் கருத்துக் கேட்டாள், கேட்ட கருத்தைத் தள்ளினாள். மேசைமேல் பட்டு மலைபோல் குவிந்தது. திருவேங்கடம் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவலி விட்டுப்போன முகத்தில் சங்கடம் இருந்தது. கடைசியில் எழுந்து வந்தார். இருப்பதிலேயே உயர்ந்ததாக, தங்கச் சரிகை போட்ட அரக்குப் பட்டு ஒன்றைத் தானே எடுத்து நீட்டினார்.

"இது என் கணக்குல. கல்யாணத்துக்கு. வெச்சுக்கம்மா."

முத்துராக்கு ஏதோ கடுமையாகச் சொல்ல வந்தாள். பிரதீபா தாயின் கையைப் பிடித்து நிறுத்தினாள். புடவையை வாங்கினாள். விரித்தாள். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று நிதானமாகப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு அதை நேர்த்தியாக, மடிப்புக் கலையாமல் மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏம்மா? புடிக்கலையா?"

"புடிச்சிருக்குங்கய்யா."

"அப்புறம்?"

"பாக்கத்தான் வந்தேன்," என்றாள் பிரதீபா. "நாளைக்கும் வருவேன். எடுக்கத் தோணுச்சுன்னா காசு குடுத்து எடுப்பேன். தோணலன்னா பாத்துட்டுப் போவேன்."

முத்துராக்கு கட்டைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். லிஃப்ட் திறந்து காத்திருந்தது. தாயும் மகளும் அதைக் கவனிக்காமல் படி வழியாகவே இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் நின்று சுடிதார் பார்த்தார்கள். முதல் மாடியில் குழந்தைகள் பாவாடை பார்த்தார்கள். கடை மூடும் நேரம் வரை அவர்கள் கீழே போய்ச் சேரவில்லை.